சாக்கும் சரக்கும்

மூட்டை நிறுத்து வியாபாரம் செய்த பரம்பரை நம்முடையது. தராசில் ஏறிய மூட்டையின் எடை முழுவதும் சரக்கின் எடை என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்வதில்லை. சாக்கின் எடையைக் கழித்த பிறகே சரக்குக்குக் கணக்குப் பார்ப்பார். உண்மையில்லாத காரணத்துக்கும் தமிழில் ‘சாக்கு’ என்றுதான் பெயர். நாம் ஒரு குற்றத்துக்குக் காரணம் சொல்லும்போது, அதில் சரக்கு எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று கழித்துப் பார்க்கிறோமா? இந்தக் கேள்வியை ஆராய்வதற்குப் பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வேகமாக வண்டி ஓட்டியதற்காகக் கடை விலாசத்துக்கு வருகிற சம்மன் ஒன்றே போதும்.

“சங்கப் பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு இது பெரிய விஷயமா?” என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். பெரிய பாவங்களை நாம் பாவம் என்று அறிந்தே விலக்குகிறோம். சிறிய விஷயங்களில்தான் நம் குணம் வெளிப்படுகிறது. கள்ளக் கணக்கு எழுத மாட்டேன் என்று உறுதியாக நிற்கிற ஒருவர், வேக சம்மன் வந்தவுடன், “வேறு யார் பெயரையாவது எழுதிவிடலாமா?” என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறார். ஆகவே இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

டோபி காட் பகுதியை நாமெல்லோரும் அறிவோம். சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த துறை என்பதால் வந்த பெயர் அது. இன்று அங்கே மூன்று ரயில் பாதைகள் பூமிக்கடியில் சந்திக்கின்றன. மேலே ஆர்ச்சர்ட் சாலை, பிராஸ் பாசா சாலை, செலிகி சாலை எல்லாம் நெருங்கி வருகின்றன. பென்கூலன் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிறவர்களும், சிராங்கூன் சாலைக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும், சாப்பாட்டுச் சட்டிகளை வேனில் அடுக்கிக்கொண்டு போகிறவர்களும் அந்த வட்டாரத்தை ஒரு நாளைக்குப் பலமுறை கடக்கிறார்கள். வேகவரம்பு எழுதப்படாத சாலைகளில் சிங்கப்பூரில் மணிக்கு 50 கிலோமீட்டரே வரம்பு. பள்ளிக்கூடங்களின் அருகிலும் முதியோர் நடமாட்டம் மிகுந்த இடங்களிலும் அதைவிடக் குறைவு. 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்க வைத்த கேமராக்கள் வேகத்தையும் கண்காணிக்கத் தொடங்கிவிட்டன. முன்பு விளக்கு மாறுவதற்குள் பாய்ந்துவிடலாம் என்று முடுக்கியவர்கள், இப்போது விளக்குப் பச்சையாக இருந்தாலும் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து தண்டனைகள் கூடியிருக்கின்றன. கார், வேன் போன்ற இலேசான வாகனங்கள் வரம்பைவிட 20 கிலோமீட்டர் வரை அதிகமாகச் சென்றால் அபராதம் 200 வெள்ளி, குற்றப்புள்ளிகள் 6. அதற்கு முன்னர் அது 150 வெள்ளியாகவும் 4 புள்ளிகளாகவும் இருந்தது. 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிக்கப்படும். புதிதாக உரிமம் பெற்றவருக்கு முதல் ஓராண்டு சோதனைக் காலம். அதற்குள் 13 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்தாகும். அதாவது பழைய ஓட்டுநருக்கு நான்கு சம்மன், புதிய ஓட்டுநருக்கு மூன்று சம்மன். அதோடு பிழைப்பு நின்றுவிடும்.

இந்தத் தண்டனையில் இரண்டு பாகங்கள் இருப்பதை வியாபாரிகள் நன்கு கவனிக்க வேண்டும். ஒன்று பணம், மற்றது புள்ளி. பணத்தை முதலாளி கட்டலாம், சிப்பந்தி கட்டலாம், இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். புள்ளியைப் பங்கிட முடியாது. அது ஓட்டியவர் தலையில் மட்டுமே விழும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நாம் பேச வந்த நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு கடையை எண்ணிக்கொள்வோம். ரமலான் மாதம், அஸர் நேரம் தாண்டிவிட்டது. இஃப்தாருக்காக ஒரு மண்டபத்துக்குக் கஞ்சியும் சமோசாவும் போக வேண்டும். சமையல் முடிந்ததே தாமதம். வண்டியில் ஏற்றியது அதைவிடத் தாமதம். வண்டி புறப்பட்டுச் செலிகி சாலையைக் கூடத் தாண்டியிராது, அதற்குள் போன் வருகிறது: “தம்பி, எங்கே இருக்கிறாய்? மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கிறது. பறந்து வா!” அந்தத் தம்பியும், “சரி முதலாளி” என்று சொல்லிப் பறக்கிறான். சில நாள் கழித்துச் சம்மன் வருகிறது. கேமரா எடுத்த படத்தில் வண்டி எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது. ‘பறந்து வா’ என்ற சொல் மட்டும் அந்தப் படத்தில் இல்லை.

சம்மன் முதலில் வருவது வாகனத்தின் சொந்தக்காரருக்கு. அன்று ஓட்டியவர் யார் என்பதைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் அவர் போக்குவரத்துப் போலிசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வேளையில் கடை முதலாளியின் முன்னால் நான்கு வழிகள் நிற்கின்றன. முதலாவது, தம்பியின் பெயரை எழுதிவிட்டு அபராதத்தையும் அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. இரண்டாவது, புள்ளி குறைவாக உள்ள வேறொருவர் ஓட்டியதாக எழுதிவிடுவது. மூன்றாவது, தம்பியின் பெயரை எழுதி, 200 வெள்ளியைத் தாமே கட்டி, விஷயத்தை மறந்துவிடுவது. நான்காவது, உள்ளதை உள்ளபடி எழுதி, தளர்த்த முடியுமா என்று முறையிட்டு, வருகிற தீர்ப்பை ஏற்றுக்கொள்வது.

இரண்டாவது வழி ஹராம் என்பதில் ஐயமில்லை. அது பொய்ச் சாட்சி. இருந்தாலும் அந்த வழியில் எப்படிப்பட்டவர்கள் போயிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், மனிதனின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

நம் சிங்கப்பூரிலேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. 2006 நவம்பரில் லோர்னி சாலையில் ஒரு கார் வரம்புக்கு மேல் ஓடியது. அது புகழ்பெற்ற அழகுச் சிகிச்சை மருத்துவர் வாஃபிள்ஸ் வூ அவர்களுடைய கார். ஓட்டியவர் தாமே என்று போலிசுக்குத் தெரிவித்தவரோ அவரிடம் வேலை பார்த்த ஒரு முதியவர். அந்தப் பொய்த் தகவலுக்கு உடந்தையாக இருந்ததாக 2012 ஜூனில் மருத்துவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1,000 வெள்ளி அபராதம் கட்டினார். தண்டனை போதாது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. இன்று ஓட்டுநரைப் பற்றிப் பொய்த் தகவல் தருவதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பிரிட்டனில் கிறிஸ் ஹூன் என்றொரு அரசியல்வாதி. 2003இல் அவருடைய கார் வேக வரம்பை மீறியதற்கான புள்ளிகளைத் தாம் ஓட்டியதாகச் சொல்லி ஏற்றுக்கொண்டவர் அவர் மனைவி. பிற்காலத்தில் ஹூன் மந்திரியானார். குடும்பம் பிரிந்தபோது பொய் வெளிப்பட்டது. மந்திரி பதவி போயிற்று. 2013 மார்ச்சில் கணவன் மனைவி இருவருக்குமே எட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. கணவர் நிர்ப்பந்தித்ததால் ஒப்புக்கொண்டேன் என்று மனைவி சொன்னதை ஜூரிகள் ஏற்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் வேதனையானது. மார்கஸ் ஐன்ஃபெல்ட் அந்த நாட்டின் மத்திய நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2006 ஜனவரியில் சிட்னியில் அவருடைய கார் வரம்பைவிடப் பத்துக் கிலோமீட்டர் வேகமாக ஓடியது. அபராதம் 77 ஆஸ்திரேலிய டாலர். அன்று காரை ஒரு பேராசிரியை ஓட்டினார் என்று அவர் கோர்ட்டில் சத்தியம் செய்தார். அந்த அம்மையாரோ 2003இலேயே இறந்துவிட்டவர். 2009இல் அந்த முன்னாள் நீதிபதிக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது.

இந்த மூன்று வழக்குகளையும் கேட்டவர்கள் பெரும்பாலும், “சின்ன அபராதத்துக்குப் பொய் சொல்லிப் பெரிய தண்டனையில் மாட்டிக்கொண்டார்கள்” என்று நீதி சொல்வார்கள். அது வியாபாரக் கணக்கு. மார்க்கக் கணக்கு அன்று. அகப்படாமல் போயிருந்தால் அது சரியாகிவிடுமா? நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவர்கள் சுமையை யார் முதுகில் ஏற்றினார்கள் என்று பாருங்கள். ஒருவர் சுமை ஊழியர் மேல் போயிற்று. ஒருவர் சுமை மனைவி மேல் போயிற்று. ஒருவர் சுமை வாய் திறக்க முடியாத மையித்தின் மேலேயே போயிற்று. மறுத்துப் பேசும் நிலையில் இருக்கிற எவர் மேலும் ஏறவில்லை. பொய்ச் சாக்கு தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கியே ஓடும். கடையில் பள்ளமான இடத்தில் நிற்பவன் யார்? சம்பளத்துக்கு நிற்கிற சிப்பந்திதான்.

இங்கே கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் அது பதிவாகியிருக்கிறது. ஹாத்திப் என்பவரின் அடிமைகள் முஸைனா கோத்திரத்தார் ஒருவருடைய ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். குற்றத்தில் சந்தேகமில்லை. முதலில் தண்டனைக்கு உத்தரவிட்ட உமர் (ரலி) அவர்கள், பிறகு எஜமானர் பக்கம் திரும்பி, நீங்கள் இவர்களைப் பட்டினி போட்டு வைத்திருப்பதாகவே எண்ணுகிறேன் என்ற கருத்தில் பேசினார்கள். ஒட்டகத்தின் விலை என்னவென்று சொந்தக்காரரிடம் விசாரித்தார்கள். நானூறு திர்ஹத்துக்குக் கேட்டும் கொடுக்கவில்லை என்றார் அவர். எண்ணூறு திர்ஹம் கொடுக்கும்படி எஜமானருக்கு உத்தரவாயிற்று. இரட்டிப்பு விலை வாங்குவது நடைமுறையில் இல்லை என்று இமாம் மாலிக் அவர்களே அதையடுத்துக் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சட்ட நுணுக்கத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவாக இருக்கிறது. திருடியவன் கையை மட்டும் பார்த்து உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பை முடிக்கவில்லை. அந்தக் கையைத் திருட்டுக்குத் தள்ளிய பசி யார் வீட்டில் பிறந்தது என்பதையும் பார்த்தார்கள். அதே சமயம், பசி என்ற காரணத்தைச் சொல்லி ஒட்டகக்காரரை வெறுங்கையுடன் அனுப்பவும் இல்லை.

வேக சம்மனை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அவசரத்தைப் பெற்றது யார்? சமையலைத் தாமதமாகத் தொடங்கியது கடை. ஒரு வண்டி போகக்கூடிய நேரத்தில் மூன்று இடத்துக்கு ஒப்புக்கொண்டது கடை. ‘பறந்து வா’ என்று சொன்னது கடை. அப்படியிருக்க, 200 வெள்ளியைத் தம்பியின் சம்பளத்தில் பிடிப்பது என்ன நியாயம்? ஆகவே முதல் வழியும் அடைபட்டுப் போகிறது. கடை பெற்ற அவசரத்துக்குக் கடைதான் பணம் கட்ட வேண்டும். ஆனால் தம்பி தன் விருப்பத்துக்காக, சாமான் இறக்கிய பிறகு நண்பர்களைப் பார்க்க விரைந்து போயிருந்தால், அது அவன் கணக்கு. யாருடைய அவசரம் என்று கேட்டாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது தருமம் போலத் தோன்றுகிறது. “தம்பி, நீ கவலைப்படாதே, பணத்தை நானே கட்டிவிடுகிறேன்” என்று சொல்கிற முதலாளியைக் கடைத்தெருவே புகழும். ஆனால் அபராதத்தைக் கட்டிய மாத்திரத்தில் 6 புள்ளிகள் தம்பியின் பெயரில் ஏறிவிடுகின்றன. முதலாளிக்கு 200 வெள்ளி ஒரு நாள் லாபத்தில் ஒரு துளி. தம்பிக்கோ 6 புள்ளி என்பது அவன் உரிமத்தில் கால் பங்கு. புதிய ஓட்டுநராக இருந்தால் ஏறத்தாழ பாதி. ஊரில் வீட்டுக் கடன், தங்கையின் கல்யாணம், பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் அந்த உரிமத்தின் மேல்தான் நிற்கின்றன. பணத்தைக் கொடுத்துத் தலைவலியைத் தீர்த்துக்கொண்ட முதலாளி, தம்முடைய பாகத்தைத் தீர்த்தாரே தவிர அவன் பாகத்தைத் தொடவே இல்லை.

ஆகவே நியாயமான காரணம் உண்மையிலேயே இருக்குமானால், உட்கார்ந்து ஒரு முறையீடு எழுதுகிற சிரமத்தை முதலாளி ஏற்றுக்கொள்வது கடமையாகும். தனக்குரிய சலுகையைக் கேட்காமல் விடுவது பெருந்தன்மையாக இருக்கலாம். இன்னொருவனுக்காகக் கேட்க வேண்டியதைச் சோம்பலினால் கேட்காமல் விடுவது பெருந்தன்மை ஆகாது. எழுத்தும் ஆங்கிலமும் தெரியாத சிப்பந்திக்கு நாம்தான் வாய்.

சரி, எது நியாயமான காரணம்? நம்முடைய ஃபிக்ஹு இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறது. உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்ற சட்டத் தொகுப்பில் மூன்று விதிகள் இதற்கு நேராக உதவுகின்றன. இவை மஜல்லாவுக்கு வெகு காலம் முன்னரே அறிஞர்கள் வகுத்தவைதாம். 21ஆவது விதியின் கருத்து, நிர்ப்பந்தம் நேரும்போது தடுக்கப்பட்டது அனுமதிக்கப்படும் என்பது. 22ஆவது விதி அதற்கு எல்லை கட்டுகிறது: அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும். 33ஆவது விதி இன்னொரு வேலி போடுகிறது: ஒருவரின் நிர்ப்பந்தம் மற்றவரின் உரிமையை அழித்துவிடாது. பட்டினியால் உயிர் போகும் நிலையில் பிறர் உணவை எடுத்துத் தின்றவனுக்குப் பாவமில்லை. ஆனால் உணவின் விலையை அவன் பிறகு கொடுத்தாக வேண்டும். திருக்குர்ஆனின் இரண்டாவது சூராவில், நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதை உண்டவன் மீது குற்றமில்லை என்று கூறும் இடத்திலும், அவன் அதை விரும்பியும் இருக்கக்கூடாது, அளவு மீறியும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தே வருகிறது.

இந்த மூன்று விதிகளைக் கொண்டு இரண்டு சம்பவங்களை நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது நாம் சொன்ன இஃப்தார்ச் சாப்பாடு. நோன்பாளிகள் காத்திருக்கிறார்கள் என்பது மனத்தைத் தொடும் காரணம்தான். ஆனால் நிர்ப்பந்தம் ஆகுமா? ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும் இருந்தால் நோன்பு திறந்துவிடலாம். கஞ்சி பத்து நிமிஷம் தாமதித்தால் எந்த நோன்பும் முறியப்போவதில்லை. முறியக்கூடியது கடையின் பெயர் மட்டுமே. மேலும் அந்த வேகம் சம்பாதித்துத் தந்தது எவ்வளவு? டோபி காட்டிலிருந்து தேக்கா வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 72 விநாடி. 70 கிலோமீட்டரில் 51 விநாடி. மிச்சம் 21 விநாடி. அதையும் அடுத்த சிவப்பு விளக்கு விழுங்கிவிடும். ஆனால் மோதினால் விழுகிற அடியின் பலம் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 50க்கும் 70க்கும் உள்ள வித்தியாசத்தில் அது ஏறத்தாழ இரு மடங்கு. இருபது விநாடிக்காக இரு மடங்கு அடியை யாரோ ஒரு பாதசாரியின் பக்கம் நீட்டுவது என்ன வியாபாரம்? எனவே இந்தக் காரணத்தில் சாக்கின் எடையே அதிகம். இதைச் சொல்லி முறையிடுவதைவிட, கடை அபராதத்தைக் கட்டி, அடுத்த நாளே சமையலை ஒரு மணி நேரம் முன்னால் தொடங்குவதே சரியான தவ்பாவாகும்.

இரண்டாவது சம்பவம். வேனில் சரக்கோடு வந்த வயதான கணக்கப்பிள்ளைக்கு வழியில் நெஞ்சு வலி. முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டுகிறது. ஓட்டிய தம்பி பயந்துபோய் ஆஸ்பத்திரியை நோக்கி வண்டியை முடுக்குகிறான். இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. காரணத்தில் சரக்கு இருக்கிறது. ஆனாலும் சாக்கைக் கழிக்கத்தான் வேண்டும். 995க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அதற்கு வேகத்தில் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. அதில் சிகிச்சை தெரிந்தவர்களும் இருப்பார்கள். பதற்றத்தில் அது தோன்றவில்லை என்றால் அது மன்னிக்கத்தக்க காரணம். யாரோ சொல்லியும் கேட்கவில்லை என்றால் அவ்வளவு மன்னிப்புக்கு இடமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஓடிய வேகத்துக்கு நிர்ப்பந்தம் பொருந்தும். பெரியவரை இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது ஓடிய வேகத்துக்குப் பொருந்தாது. நிர்ப்பந்தத்தின் அளவோடு அனுமதி நின்றுவிடும் என்பதன் பொருள் இதுதான்.

இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் முறையீடு எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் எழுதும் முறை ஒன்று உண்டு. முதலில், இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த வேகத்தில் வண்டி ஓடியது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து, நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் இணைக்கலாம். இல்லாத சீட்டை ஒரு கிளினிக்கில் கேட்டு வாங்கக்கூடாது. நமக்கு விரோதமான விவரம் ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நம் கருத்தில் இதுதான் முறையீட்டின் உரைகல். தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லுகிற கடிதத்தில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். மொத்தத்தில் அது பொய்யாக இருக்கும். நான்காவது சூராவில் இறைவன், உங்களுக்கே எதிரானதாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கருத்தில் கட்டளையிட்டிருப்பதை நாம் மிம்பரிலிருந்து கேட்கிறோம். போலிசுக்கு எழுதுகிற கடிதத்துக்கு அந்த ஆயத்து பொருந்தாது என்று யார் சொன்னார்கள்? டோபி காட்டில் துணி துவைத்தவர்களுக்குத் தெரிந்திருந்த வித்தியாசம் இது: அழுக்கை வெளுப்பது ஒரு வேலை, சாயம் ஏற்றி அழுக்கை மறைப்பது வேறு வேலை.

முறையிட்ட பிறகு முடிவு நமக்குச் சாதகமாக வராமல் போகலாம். அப்போது, “உண்மையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை” என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அபராதத்தைத் தள்ளுபடி செய்வது அதிகாரியின் அதிகாரத்தில் உள்ளது. தள்ளுபடியைக் கேட்பது ஒன்று. அது நமக்குப் பாத்தியதை என்று நினைப்பது வேறு. கடன் வாங்கியவர் வந்து கஷ்டத்தைச் சொன்னால் நாம் தவணை கொடுக்கிறோம், சில சமயம் கொடுப்பதில்லை. கொடுக்காதபோது அவர் நம்மை அநியாயக்காரன் என்று திட்டினால் ஒப்புக்கொள்வோமா? முடிவு மெய்யாகவே தவறு என்று தோன்றினால், அபராதத்தைக் கட்டாமல் கோர்ட்டில் வாதிடும் வழியையும் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. அதற்கும் துணிவில்லை, முடிவை ஏற்கவும் மனமில்லை என்றால் அது வெறும் புலம்பல்.

“இது மனிதர் போட்ட சட்டந்தானே, இதை மீறுவது மார்க்கத்தில் குற்றமா?” என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். உரிமம் வாங்கும்போது சாலை விதிகளை மதிப்பேன் என்ற நிபந்தனையின் பேரில்தான் வாங்கினோம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது முஃமினுடைய கடமை. அதற்கும் மேலே, இது உயிரைக் காக்கும் விதி. இந்தத் தீவின் சாலைகளில் 2023இல் 136 பேரும் 2024இல் 142 பேரும் உயிரிழந்தார்கள். அத்தனையும் வேகத்தால் வந்தவை அல்ல. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜனாஸா எழுந்திருக்கிறது.

“கேமராவுக்கு நம்முடைய நிய்யத்து தெரியுமா?” என்றும் கேட்கிறார்கள். தெரியாது. அமலுக்கு நிய்யத்தே அடிப்படை என்பது மத்ரசாவில் நாம் முதலில் ஓதிய பாடங்களில் ஒன்று. ஆனால் அந்தப் பாடம் மற்றவர் முன்னால் நம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்லித் தரப்பட்டதன்று; நம்மை நாமே சோதித்துக்கொள்வதற்காகச் சொல்லித் தரப்பட்டது. நிய்யத்து நல்லது என்பதால் தெருவைக் கடக்கும் குழந்தையின் எலும்பு உறுதியாகிவிடாது. கேமரா வேகத்தை அளக்கும். காரணத்தை நிறுப்பது மனிதன் வேலை. அதற்காகவே முறையீட்டு வழி இருக்கிறது. நிய்யத்தை அறிந்தவனோ அல்லாஹ் ஒருவன். மூன்று தராசுகளையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

கடைசியாக ஒரு விஷயம். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு தனிச் சூராவே இருக்கிறது, 83ஆவது சூரா. தாங்கள் வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களை அது கண்டிக்கிறது. வியாபாரிகளாகிய நாம் இதைப் படிக்கும்போது படியையும் தராசையும் மட்டுமே நினைக்கிறோம். காரணங்களுக்கும் இந்த அளவு உண்டு. நமக்குச் சம்மன் வந்தால், வயதான தாய், பசித்த நோன்பாளி, தவறான சாலைக் குறி, மழை என்று காரணங்களை நிறைத்து அளக்கிறோம். கடைப் பையன் அரை மணி நேரம் தாமதமாக வந்தால், “காரணம் சொல்லாதே!” என்று ஒரு வார்த்தையில் அளந்துவிடுகிறோம். அவனுக்கும் வழியில் ரயில் நின்றிருக்கலாம். இரவில் ஊரிலிருந்து துயரச் செய்தி வந்திருக்கலாம். நமக்கு ஒரு படி, அவனுக்கு ஒரு படி என்று வைத்திருந்தால், கடையின் தராசு எவ்வளவு நேராக நின்றாலும் நாம் அந்தச் சூராவின் கண்டனத்துக்கு வெளியே நிற்கிறோம் என்று சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த முறை கடைக்குச் சம்மன் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம். இந்த அவசரம் யாருடையது? இந்தக் காரணத்தை நம் சிப்பந்தி நம்மிடம் சொல்லியிருந்தால் நாம் ஒப்புக்கொண்டிருப்போமா? நாம் எழுதப்போகும் பதிலால் சுமை யார் முதுகில் ஏறுகிறது? இந்த மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்த பிறகு, பணம் கட்டுவதா, முறையிடுவதா என்பது கஷ்டமான கேள்வியாகவே இராது. அந்த விடைகளைக் கடையில் வண்டி ஓட்டும் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது. அவன் இனி ‘பறந்து வா’ என்ற சொல்லைக் கேட்க வேண்டியிராது என்ற உறுதியையும் அன்றைக்கே அவனுக்குக் கொடுத்துவிடலாம்.

நிறுப்பதிலும் எழுதுவதிலும், நமக்காகப் பேசுவதிலும் பிறருக்காகப் பேசுவதிலும், ஒரே தராசைப் பிடிக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.